கொலைகள் குறைந்துவிட்டன என்கிறார்கள். பிறகு ஏன் மகளைத் தனியே பஸ்ஸில் அனுப்பப் பயமாக இருக்கிறது?

ஹரோ அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு விஷயத்தில் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பக்கமாக நிற்கிறோம். லண்டனில் நீண்டகாலம் இருப்பவர்கள் யாராவது வழி சொல்வீர்கள் என்று எழுதுகிறேன்.

மகளுக்கு 15 வயது. இந்த வருடம் ஜீசிஎஸ்ஈ பரீட்சை. கணித ரியூஷன் வெம்பிளியில், ஆறு மணிக்கு முடிகிறது. இந்தக் குளிரில் நாலரைக்கே இருட்டிவிடுகிறதே. 182 பஸ் எங்கள் வீதி முனைவரை வரும், தனியே வந்துவிடுகிறேன் என்கிறாள். மாமி கூடவே கூடாது என்று நிற்கிறார். கணவர் ஒரு படி மேலே போய், வீட்டை விற்றுவிட்டு லண்டனுக்கு வெளியே மில்டன் கீன்ஸ் போகலாம் என்கிறார்.

மாமியின் போனில் கோயில் ஆட்களின் வாட்ஸ்அப் குழு ஒன்று இருக்கிறது. நேற்று அதில் வந்த காணொளியில் மூன்று பொடியன்கள் கத்தியோடு ஓடுகிறார்கள். எந்த இடம், எந்த வருடம் என்று அதில் ஒன்றும் இல்லை. 'ஹரோவிலாம்' என்று யாரோ கீழே எழுதியிருந்தார். அன்று இரவு மாமி நித்திரை கொள்ளவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஷெல் விழுந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளை இருட்டுமுன் வீட்டுக்குள் எடுத்து வளர்த்தவர். அந்தப் பழக்கம்தான் அவர் பிள்ளைகளை உயிரோடு வைத்திருந்தது.

ஆனால் 2025ல் லண்டனில் நடந்த கொலைகள் 97 என்று செய்தியில் பார்த்தேன். 2014க்குப் பிறகு மிகக் குறைவான எண்ணிக்கையாம். சனத்தொகையோடு வைத்துப் பார்த்தால் கணக்கெடுக்கத் தொடங்கிய காலத்திலிருந்தே மிகக் குறைவாம். மேசையில் வைத்து வாசித்துக் காட்டினேன். ஒருவர் முகத்திலும் மாற்றம் இல்லை. எனக்கும் நிம்மதி வரவில்லை. என்னோடு வேலை செய்யும் பிள்ளையின் போனை ஸ்டேஷன் வாசலில் ஈ-பைக்கில் வந்தவன் பறித்துக்கொண்டு போனது போன மாதம்தான்.

கணக்கு பிழையா, எங்கள் மனம் பிழையா? உங்கள் பிள்ளைகளை நீங்கள் எப்படி அனுப்புகிறீர்கள்?

---

இல்ஃபோர்ட்காரன் எழுதியது:

தங்கச்சி, பொலிஸ் கணக்கை வைத்து முடிவெடுக்காதீர்கள். 2014ல் பொலிஸ் பதிவுகளுக்கு இருந்த தேசியப் புள்ளிவிவரம் என்ற தரத்தை மேற்பார்வை அமைப்பே பறித்துவிட்டது. சனம் பொலிஸிடம் போய் முறையிடும் குற்றங்களிலேயே ஏறக்குறைய ஐந்தில் ஒன்று பதியப்படுவதில்லை என்று அதே வருடம் பொலிஸைச் சோதிக்கும் அமைப்பும் சொன்னது. இப்படிப்பட்ட கணக்கை நம்பி யார் பிள்ளையை இருட்டில் விடுவது?

எங்கள் வீட்டில் தேர்த்திருவிழாவுக்குப் போன நேரம் பார்த்துப் பின்கதவை உடைத்தார்கள். டிவி, கம்ப்யூட்டர் ஒன்றையும் தொடவில்லை. நேரே அலுமாரிக்குப் போய் நகையை மட்டும் எடுத்தார்கள். என் மனைவியின் தாலிக்கொடி, அம்மா தந்த அட்டியல், எல்லாம் போனது. முறையிட்டதற்கு ஒரு இலக்கம் கிடைத்தது. குற்றம் குறைகிறது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த அலுமாரிதான் கண்ணில் நிற்கும்.

மில்டன் கீன்ஸ் போக வசதி இருந்தால் போங்கள்.

---

குரொய்டன் கடைக்காரர் எழுதியது:

தங்கச்சி, இல்ஃபோர்ட் தம்பி, இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். மேற்குக் குரொய்டனில் லண்டன் ரோட்டில் 1996லிருந்து கடை வைத்திருக்கிறேன்.

முதலில் கணக்கு. தம்பி பொலிஸ் பதிவைப் பற்றிச் சொன்னது முழு உண்மை. அதனால்தான் நான் அதைப் பார்ப்பதில்லை. இங்கே 1982லிருந்து இன்னொரு கணக்கு நடக்கிறது. வீடு வீடாகப் போய், போன வருடம் உங்களுக்கு என்ன நடந்தது என்று நேரே கேட்கிறார்கள். பொலிஸுக்குச் சொன்னீர்களா இல்லையா என்பது அங்கே பொருட்டே இல்லை. அதன்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குற்றம் உச்சத்தில் இருந்தது 1995ல், ஏறக்குறைய 2 கோடி. இப்போது மோசடியையும் கணினிக் குற்றத்தையும் சேர்க்காமல் பார்த்தால் சுமார் 50 லட்சம். வீடு உடைத்துத் திருடுவது முக்கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. கொலைக்கு இந்தச் சந்தேகமே தேவையில்லை. போனைத் திருடினால் பதியாமல் விடலாம். ஓர் ஆள் செத்துக் கிடந்தால் எந்தப் பொலிஸாலும் பதியாமல் விட முடியாது. 2000களின் தொடக்கத்தில் லண்டனில் வருடத்துக்கு 200ஐ ஒட்டிக் கொலைகள் நடந்தன. 2025ல் 97.

2014ல் அந்தத் தரத்தைப் பறித்த பிறகு பொலிஸ் ஒழுங்காகப் பதியத் தொடங்கியது. உடனே பதிவேட்டில் வன்முறை மளமளவென்று ஏறியது. 'வன்முறை இரட்டிப்பு' என்று பத்திரிகைகளில் வந்த தலைப்புகளில் ஒரு பெரும் பங்கு இப்படி வந்ததுதான். அதற்காக எல்லாமே பதிவின் மாயம் என்று சொல்ல மாட்டேன். 2014க்குப் பிறகு கத்திக் குற்றம் உண்மையாகவே ஏறியது. கடை வாசலில் இருந்து பார்த்தவன் நான்.

90களின் கடைசி எப்படி இருந்தது என்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. காரை நிறுத்தினால் ரேடியோவின் முகப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் இறங்குவோம். வீடு உடைத்தவர்கள் டிவியையும் டெக்கையும் போர்வையில் சுற்றிக்கொண்டு போன காலம். நம்முடைய பொடியன்களே ரூட்டிங்கிலும் ஈஸ்ட்ஹாமிலும் வெம்பிளியிலும் குழுக் குழுவாகப் பிரிந்து வாளால் வெட்டிக்கொண்டார்கள். கலியாண வீட்டுக்குப் போனால் மண்டப வாசலில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவோம். அதெல்லாம் எங்கே போனது? 1998க்குப் பிறகு வந்த புதுக் கார்களில் சரியான சாவி இல்லாமல் எஞ்சின் இயங்காது. கதவுகளும் யன்னல்களும் மாறின. டிவி மலிந்துபோனது, திருடினாலும் விற்க ஆள் இல்லை. வாள் எடுத்த பொடியன்களில் சிலர் சிறைக்குப் போனார்கள், மற்றவர்களுக்கு இப்போது பேரப்பிள்ளை வரும் வயது.

அப்படியானால் பயம் ஏன் குறையவில்லை? இதற்கு என் பதில் என் கடைக்குள்ளேயே இருக்கிறது.

2025 மார்ச்சில் முடிந்த ஒரு வருடத்தில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொலிஸ் பதிந்த கடைத் திருட்டு 5,30,643. இந்த முறையில் பதியத் தொடங்கிய 2003லிருந்து இதுதான் உச்சம். நான் சொன்ன வீடு வீடான கணக்கில் இது வராது, ஏனென்றால் அது கடையைக் கேட்பதில்லை. முன்பெல்லாம் திருட வருபவன் ஒளித்துத்தான் எடுப்பான். இப்போது பையை விரித்துப் பிடித்து சீஸ், கோப்பிப் போத்தல், இறைச்சி என்று நிதானமாக அடுக்குகிறான். என் கடையில் வேலை செய்யும் பிள்ளை தடுத்தால் 'வெளியே வா' என்கிறான். குழந்தைப் பால்மாவைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கிறேன். ஒரு தாய் வந்து பால்மாவுக்குச் சாவி கேட்டு நிற்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

அந்த நேரம் வரிசையில் பால் வாங்க நிற்கும் கிழவியை யோசித்துப் பாருங்கள். ஒருவன் எல்லோர் முன்னாலும் அள்ளிக்கொண்டு போகிறான். ஒருவரும் தடுக்கவில்லை, ஒருவரும் வரவில்லை. அவர் வீட்டுக்குப் போகும்போது அவர் மனதில் பதிவது பத்துப் பவுண் சீஸ் அல்ல. 'இங்கே கேட்க ஆள் இல்லை' என்பதுதான். நாளை தன்னை ஒருவன் வெட்டினாலும் கேட்க ஆள் இருக்காது என்று அவர் நினைப்பதில் என்ன ஆச்சரியம்? போன் பறிப்பும் இதே கதைதான். 2024ல் லண்டனில் மட்டும் சுமார் 80,000 போன்கள் போயின. இப்படிக் கையில் இருந்து பறிக்கும் திருட்டில் நூற்றுக்கு ஒன்றுகூட வழக்கு வரை போவதில்லை. பறித்த போன் ஹொங்கொங்குக்கும் சீனாவுக்கும் கப்பலேறுகிறது. கொலை குறைந்ததை யாரும் கண்ணால் பார்க்க முடியாது, நடக்காத கொலைக்குச் சாட்சி இல்லை. பறிபோன போனுக்கு ஸ்டேஷன் வாசலில் ஐம்பது சாட்சி.

ஆகவே தங்கச்சி, கணக்கும் பிழை இல்லை, உங்கள் மனமும் பிழை இல்லை. உங்களுக்கு வந்திருக்கும் பயம் கைவிடப்பட்டோம் என்ற பயம். அதைக் கொலைப் பயம் என்று எடுத்துக்கொண்டு பிள்ளையைப் பூட்டி வைத்தால் நட்டம் பிள்ளைக்கு.

வாட்ஸ்அப் பற்றி ஒன்று. 2011 ஓகஸ்ட் 8 இரவு கலவரத்தில் எங்கள் ரோட்டில் கடை கடையாக உடைத்தார்கள். ரீவ்ஸ் தளபாடக் கடை எரிந்த வெளிச்சம் தூரத்தில் இருந்தே தெரிந்தது. அன்று யாரும் முன்கூட்டி எங்களுக்கு ஒரு சொல் சொல்லவில்லை. 2024 ஓகஸ்ட் 7 வேறு மாதிரி. இனவாதக் கும்பல்கள் இன்ன இன்ன இடத்துக்கு வருகிறார்கள் என்று ஒரு பட்டியல் சுற்றியது. நாங்கள் பலகை அடித்தோம், உங்கள் ஹரோவிலும் அடித்தார்கள். பட்டியலில் இருந்த வோல்தம்ஸ்டோவில் கடைசியில் வந்து நின்றது இனவாதத்தை எதிர்த்த ஆயிரக்கணக்கான சனம். அன்று பலகை அடித்தது முட்டாள்தனம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். மூன்று நாள் முன்னால்தான் ரொதரமில் அகதிகள் தங்கிய ஹோட்டலுக்கு நெருப்பு வைத்தார்கள். அந்த எச்சரிக்கையில் ஊர் இருந்தது, திகதி இருந்தது, அதற்கு முன் நடந்த சம்பவம் இருந்தது. மாமிக்கு வந்த காணொளியில் இவை ஒன்றுமே இல்லை. இடமும் திகதியும் இல்லாத காணொளி வந்தால் குழுவில் அனுப்பியவரிடமே கேட்கச் சொல்லுங்கள். நான் கேட்பேன். பெரும்பாலும் அவருக்கும் தெரியாது.

2023ல் எங்கள் குரொய்டனில் பள்ளிக்கூடம் போகிற வழியில் ஒரு பெண்பிள்ளை கொல்லப்பட்டாள். அதற்குப் பிறகு பல கிழமை இங்குள்ள தாய்மார் எல்லோரும் பிள்ளைகளைக் காரில்தான் கொண்டுபோனார்கள். என் மகளும் அப்படித்தான் என் பேத்தியைக் கொண்டுபோனாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த நேரத்தில் புள்ளிவிவரம் பேசுவது மனிதத்தன்மை இல்லை. ஆனால் 2021ல் லண்டனில் கொல்லப்பட்ட பதின்ம வயதுப் பிள்ளைகள் 30 பேர், 2024ல் 10 பேர். அந்தப் பத்தும் பத்து வீட்டுச் சாவு. இருந்தாலும் எந்தப் பக்கம் போகிறோம் என்று பிள்ளைகளுக்கும் நாங்கள் சொல்ல வேண்டும் அல்லவா?

பேத்தி இப்போது பஸ்ஸில்தான் போகிறாள். கீழ்த்தட்டில் இருப்பாள், போன் பைக்குள் இருக்கும், இறங்கும் இடத்தில் காதில் ஒன்றும் இருக்காது.

---

ஹரோ அம்மா எழுதியது:

அண்ணா, உங்கள் பதிலைக் கணவருக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் ஒரு கேள்வி கேட்கிறார். வெட்டுகள் குறையவில்லை, வைத்தியம்தான் முன்னேறிவிட்டது, முன்பு செத்திருக்க வேண்டியவர்கள் இப்போது பிழைக்கிறார்கள், கொலைக் கணக்கு குறைவதற்கு அதுதான் காரணம் என்கிறார். இதில் உண்மை இருக்கிறதா? ஆஸ்பத்திரிகளில் வேலை செய்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

---

இரவுத்தாதி எழுதியது:

அக்கா, நான் லண்டனில் விபத்துப் பிரிவில் தாதி. எந்த ஆஸ்பத்திரி என்று எழுத மாட்டேன்.

உங்கள் கணவர் கேட்பதில் பாதி உண்மை. 2010லிருந்து லண்டனில் கடும் காயக்காரரைப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் நேரே நாலு பெரிய நிலையங்களில் ஒன்றுக்குக் கொண்டுவருகிறார்கள்: ரோயல் லண்டன், கிங்ஸ், சென்ட் ஜோர்ஜஸ், சென்ட் மேரிஸ். ஹெலிகொப்டரில் போகும் வைத்தியர்கள் இரத்தத்தையும் கொண்டுபோகிறார்கள். தேவைப்பட்டால் வீதியிலேயே நெஞ்சைத் திறந்து இதயத்தில் உள்ள துளையை அடைக்கிறார்கள். பிழைக்கவே மாட்டான் என்று நினைத்த பொடியன் வார்டில் எழுந்து இருந்து தேத்தண்ணி கேட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் கொலை குறைந்ததற்கு அதை மட்டும் காரணம் சொல்ல முடியாது. கத்திக்குத்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுபவர்களின் எண்ணிக்கையே இங்கிலாந்தில் 2019க்குப் பிறகு குறைந்திருக்கிறது. கார்டிஃப் பல்கலைக்கழகம் 2000களின் தொடக்கத்திலிருந்து விபத்துப் பிரிவுகளிலிருந்து நேரே தரவு எடுக்கிறது. அடிபட்டு வருபவர்கள் அந்தக் கணக்கிலும் இந்த இருபது வருடத்தில் நன்றாகக் குறைந்துவிட்டார்கள். அதில் பொலிஸ் கை வைக்க வழியே இல்லை. காயம் பட்டவன் எங்களிடம்தான் வர வேண்டும்.

உங்கள் மகளின் நேரம் பற்றிக் கேட்டீர்கள், அதனால் மறைக்காமல் ஒன்று சொல்கிறேன். ரோயல் லண்டனுக்குக் கத்திக்குத்தோடு வந்த இளையவர்களைப் பற்றி 2018ல் ஓர் ஆய்வு வந்தது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் அதிகம் குத்துப்படுவது நள்ளிரவில் அல்ல, மாலை 4 மணிக்கும் 6 மணிக்கும் இடையில், பள்ளிக்கூடம் விட்டு வீடு போகும் வழியில். ஆனால் அவர்களில் மிகப் பெரும்பாலானோர் ஆண்பிள்ளைகள். ஒருவரை ஒருவர் தெரிந்த, முன்பே பகை இருந்த பிள்ளைகள் அதில் நிறைய. ரியூஷன் முடிந்து 182 பஸ்ஸில் வரும் பெண்பிள்ளைக்கு அந்த ஆபத்து மிகச் சிறியது. உங்களுக்கு மகன் இருந்து, அவன் யாரோடோ பிரச்சினைப்பட்டு வழியை மாற்றி மாற்றிப் போகிறான் என்றால் நான் வேறு மாதிரிப் பதில் எழுதியிருப்பேன். வீதி வன்முறைக்கு அதிகம் பயப்படுபவர்கள் பெண்கள், அதிகம் அகப்படுபவர்கள் இளம் ஆண்கள். இந்த நாட்டு ஆய்வுகளில் நாற்பது வருடமாக இதுதான் வருகிறது. எங்கள் வார்டிலும் அதேதான்.

இன்னொன்றும் எழுதத்தான் வேண்டும். நம் பெண்கள் காயத்தோடு வரும்போது 'வீதியில் யாரோ' என்று வருவது அரிது. படியில் விழுந்தேன் என்பார்கள், குசினிக் கதவில் அடிபட்டேன் என்பார்கள். கூட வந்த கணவர் வெளியே போக மறுப்பார். இந்த நாட்டில் தெரியாத ஆளின் கையில் சாகும் பெண்களைவிடக் கணவன், முன்னாள் கணவன், காதலன் கையில் சாகும் பெண்களே அதிகம். கோயில் வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி ஒரு காணொளிகூட வருவதில்லை. பஸ்ஸுக்குப் பயப்படும் அளவில் கால்வாசியாவது நாங்கள் இதற்குப் பயந்தால் சில பேர் எங்களிடம் நேரத்தோடு வந்து சேர்வார்கள்.

---

ஹரோ அம்மா எழுதியது:

தங்கச்சி, நீ கடைசியில் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். எனக்குத் தெரிந்த ஒருவரின் முகம் வந்தது. இன்று மாலை அவருக்குப் போன் எடுக்கிறேன்.

மகள் செவ்வாய்க்கிழமையில் இருந்து பஸ்ஸில் வருகிறாள். வகுப்பு 6 மணிக்கு முடிவதால் அந்த நேரமும் தாண்டிவிடுகிறது. வீடு மாறுவதைப் பரீட்சை முடியும்வரை கதைப்பதில்லை என்று கணவர் ஒத்துக்கொண்டார். மாமி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, அவரோடு நான் மெதுவாகக் கதைக்கிறேன்.

---

இல்ஃபோர்ட்காரன் எழுதியது:

கடைக்கார அண்ணா, கொலை பற்றி நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வீடு உடைப்பு முக்கால் பங்கு குறைந்தது என்பது வெள்ளைக்காரன் வீட்டுக்குத்தான் சரி. அவன் வீட்டில் திருட ஒன்றும் இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். எங்கள் வீட்டில் 22 கரட் இருக்கிறது. 2025ல் அவுன்ஸ் 4,000 டொலரைத் தாண்டியது. எங்களுக்குக் குறைய என்ன காரணம்?

---

குரொய்டன் கடைக்காரர் எழுதியது:

தம்பி, நீங்கள் சொல்வது சரி. நாட்டின் சராசரி இந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குப் பொருந்தாது. டிவி மலிந்தது, தங்கம் மலியவில்லை. தீபாவளி வரும்போது ஆசிய வீடுகளுக்கு நகை பற்றிப் பொலிஸ் எச்சரிக்கை விடுவதும் இதனால்தான். நகைக்குப் பயப்படுங்கள், அது சரியான பயம். அதற்குச் செய்ய வேலையும் இருக்கிறது.

ஒவ்வொரு நகையையும் தனித்தனியே படம் எடுத்து, நிறையையும் எழுதி வையுங்கள். வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்தில் ஒரு தனிப் பொருளுக்கு எவ்வளவு வரை தருவார்கள் என்று பாருங்கள். பல பத்திரங்களில் தனியே அறிவிக்காவிட்டால் தாலிக்கொடியின் பாதி விலைகூட வராது. ஸ்மார்ட்வோட்டர் என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு திரவம் இருக்கிறது, நகையில் தடவி வைத்தால் பிடிபட்ட நகை யாருடையது என்று அடையாளம் காணலாம். பெரிய வங்கிகள் பல லொக்கர் கொடுப்பதை நிறுத்திவிட்டன. தனியார் பெட்டகங்கள் உண்டு, எடுக்கும் முன் அவர்களின் காப்புறுதி எவ்வளவுக்கு என்று எழுத்தில் கேளுங்கள். திருவிழாப் படத்தை வீட்டுக்கு வந்த பிறகு ஃபேஸ்புக்கில் போடுங்கள், தேர் இழுக்கும்போது போட வேண்டாம். பின்கதவுக்கு வெளிச்சம் போட்டிருக்கிறீர்களா?